புதிய வீட்டின் மின்சாரம்: சாவி கிடைத்ததும் செய்ய வேண்டுவன

தோட்ட லயங்களை விட்டுச் சொந்த வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பங்களை வடசிலாங்கூர் வட்டாரத்தில் பரவலாகக் காண்கிறோம். சபாக், சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் என எங்குச் சென்றாலும், செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டும், ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தும், வங்கிக் கடன் பெற்றும் வாங்கிய வீட்டின் சாவியைக் கையில் ஏந்தி நிற்போரைச் சந்திக்கலாம். பெஸ்தாரி ஜெயா பகுதியில் மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாண்டுக் காலம் காத்திருந்த வீட்டுத் திட்டத்திற்கு 2023-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டதனையும் வாசகர்கள் அறிவர்.

சாவி பெற்றவர் முதலில் எதனைப் பார்க்கிறார்? சுவரில் வெடிப்பு உண்டா, தரையோடு ஒட்டியுள்ளதா, குழாயில் நீர் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார். இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். வாசற்கதவின் பின்புறம் சுவரில் பதித்திருக்கும் மின் பெட்டியைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே. விளக்கு எரிகிறது, காற்றாடி சுழல்கிறது. வேறென்ன வேண்டும் என்று விட்டுவிடுகின்றனர். ஆயின் விளக்கு எரிவதனால் மட்டும் மின் இணைப்பு பாதுகாப்பாக உள்ளது என்று பொருளாகாது. எர்த் கம்பியே இணைக்கப்படாத வீட்டிலும் விளக்கு நன்றாகவே எரியும்.

சிலாங்கூர் மாநிலத்திற்கு மின்சாரம் மிகப் பழைய உறவு. 1894-ஆம் ஆண்டிலேயே தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ரவாங்கிலிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின் ஆக்கப் பொறியை இயக்கினர். எனினும் சுரங்கத்திற்கு வந்த வெளிச்சம் தோட்ட லயத்தை எட்டப் பல தலைமுறைகள் ஆயின. மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். பின்னர் தோட்டத்து எஞ்சின் வந்தது. மாலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் விளக்கு வரும். இரவில் அது நின்றால் விளக்கும் நிற்கும். வயர் அறுந்தாலும் பியூஸ் போனாலும் கிராணியிடம் சொன்னால் போதும். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டமும், தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் தருவதையும் கட்டடங்களைச் செப்பனிட்டு வைப்பதையும் முதலாளியின் கடமையாகவே விதித்துள்ளது. ஆகவே லயத்தில் இன்றும் வாழ்வோர், பழுதான வயரைத் தாமே முடிச்சுப் போட்டு ஒட்ட வேண்டுவதில்லை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். நிர்வாகம் கவனியாவிடில் தொழிலாளர் இலாகாவை நாடலாம்.

சொந்த வீட்டில் நிலைமை வேறு. தெருக்கம்பத்திலிருந்து மீட்டர் வரையுள்ள பகுதி தெனாகா நேஷனல் நிறுவனத்தைச் சார்ந்தது. அதன் முத்திரையை எவரும் உடைத்தல் கூடாது. மீட்டரில் கைவைப்பது தண்டனைக்குரிய குற்றம். மீட்டரைக் கடந்து வீட்டிற்குள் வரும் ஒவ்வொரு கம்பியும் வீட்டுக்காரரின் பொறுப்பு. குடிபெயரும் நம் மக்களிற் பலர் இந்த மாற்றத்தை உணர்வதில்லை.

இனி, அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். வெளிமூடியைத் திறப்பதில் அச்சமில்லை. திருகாணி கழற்றி உட்பலகையை எடுப்பதுதான் நமக்கு ஆகாத வேலை. உள்ளே வரிசையாகச் சிறு விசைகள் இருக்கும். பெரியது மெயின் சுவிட்ச். அடுத்துள்ளது, அழுத்தும் பொத்தான் ஒன்றுடன் கூடிய மின்கசிவுக் காப்பு விசை. மக்கள் வழக்கில் இ.எல்.சி.பி. எஞ்சியுள்ள சிறு விசைகள் எம்.சி.பி. எனப்படுவன, அந்நாளைய பியூசுக்கு மாற்றாக வந்தவை.

இவ்விரண்டு வகை விசைகளும் செய்யும் வேலை ஒன்றன்று. எம்.சி.பி. காப்பது கம்பியை. விளக்குகளுக்குச் செல்லும் கம்பி வழக்கமாக 1.5 சதுர மில்லிமீட்டர் பருமன். அதற்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போதும். பிளக் துவாரங்களுக்குச் செல்லும் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது சூடேறித் தீப்பற்றுமுன் எம்.சி.பி. விழுந்துவிடும். "அடிக்கடி விழுகிறது" என்று சொல்லி, 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியர் விசையை மாட்டிச் செல்லும் அரைகுறை வேலைக்காரர்கள் உள்ளனர். அதன் பின்னர் விசை விழாது. ஆனால் சுவருக்குள் கம்பி வேகும்.

இ.எல்.சி.பி. காப்பது மனித உயிரை. லைவ் கம்பி வழியாக வீட்டிற்குள் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்ப வேண்டும். போனது ஓரளவு, திரும்பியது அதனினும் குறைவு என்றால், இடையில் எங்கோ கசிகின்றது என்று பொருள். அது ஈரச் சுவராக இருக்கலாம். குளிர்ப்பெட்டியின் உலோக உடலாக இருக்கலாம். ஒரு குழந்தையின் கையாகவும் இருக்கலாம். அந்த வேறுபாட்டைக் கண்டவுடன், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விசை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நம் நாட்டு விதிமுறைகளின்படி வீடு முழுமைக்கும் 100 மில்லியாம்பியரும், கையிற் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கான பிளக் துவாரங்களுக்கு 30 மில்லியாம்பியரும், குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு 10 மில்லியாம்பியரும் உச்ச அளவாகும். 30 மில்லியாம்பியர் என்பது எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு: பழைய 60 வாட் குண்டு விளக்கு எரிவதற்கு ஏறத்தாழ 260 மில்லியாம்பியர் வேண்டும். அவ்விளக்கிற்கு வேண்டியதில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுந்தாலும் மனித இதயத்தின் துடிப்பு தடுமாறக்கூடும். எம்.சி.பி.யோ 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லியாம்பியர் வரை பேசாமல் இருக்கும். "எம்.சி.பி. உள்ளதே, ஷாக் அடிக்காது" என்று எண்ணியிருப்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

சாமான்களை ஏற்றி இறக்குவதற்கு முன்னரே, வீடு வெறுமையாக இருக்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள் சில உள்ளன. முதலாவதாக இ.எல்.சி.பி.யின் பொத்தானை அழுத்துக. வீட்டு மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையெனில் அவ்விசை பழுது. அவ்வீட்டில் குடியேறுமுன் அதனை மாற்றியாக வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அப்பொத்தான் விசையின் உள்ளமைப்பை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பி நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்பதனை அது சொல்லாது. எர்த் அறுந்திருந்தாலும் பொத்தானை அழுத்தினால் விசை விழும். ஆதலால் அடுத்த சோதனையும் வேண்டும்.

இரும்புக்கடைகளில் மூன்று சிறு விளக்குகள் கொண்ட பிளக் போன்ற சோதனைக் கருவி ஒன்று விற்கிறது. விலை அதிகமன்று; அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். அதனை ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் செருகி, விளக்குகள் எரியும் முறையை அதன்மேல் அச்சிட்டுள்ள படத்தோடு ஒப்பிடுக. நமக்கு எதிரே பார்க்கும்போது மேலே எர்த், வலப்புறம் லைவ், இடப்புறம் நியூட்ரல் என்பதே நம் நாட்டு முறை. கம்பி இடம் மாறியிருந்தாலும், எர்த் இல்லாவிட்டாலும் கருவி காட்டிக்கொடுக்கும். ஆனால் எர்த்தும் நியூட்ரலும் தம்முள் மாறியிருந்தால் அதனால் கண்டறிய இயலாது. அதற்குத் தேர்ந்த வயர்மேன்தான் வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போன்ற டெஸ்ட் பேனாவை நம்பியிருப்போரும் பலர். லைவ் எங்குள்ளது என்பதற்கு மேல் அப்பேனாவுக்கு ஒன்றும் தெரியாது.

விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். இரவில் அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால் குறித்துக்கொள்க. சில வேளை அது தீங்கற்றதாயிருக்கலாம். சில வேளை சுவிட்ச், லைவ் கம்பியில் இணைக்கப்படாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் மாட்டியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறியவர் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். காற்றாடியைப் பல வேகங்களில் ஓடவிட்டு, அதன் கொக்கி ஆடுகிறதா என்றும் பார்க்க. சுவிட்ச்சைத் தட்டும்போது 'சர்' என்ற ஓசையோ, துவாரத்தின் ஓரத்தில் கருகிய நிறமோ, கைபட்டால் வெதுவெதுப்போ இருப்பின் உள்ளே திருகாணி தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

சபாக் மண்ணைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். பெர்ணம் ஆற்றின் முகப்பிலிருந்து தெற்கே நீளும் இக்கடலோரம் மென்மையான சேற்றுக்களியும், உள்ளே செல்லச் செல்ல முளிமண்ணும் நிறைந்த தாழ்நிலம். வீடு தூண்களின்மேல் நிற்கும். வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தளமோ நாளடைவில் கீழே இறங்கும். வெளிச்சுவரோரம் சிறு தொட்டிக்குள் எர்த் கம்பியைத் தாங்கும் செப்புத்தண்டு நிலத்தில் அடிக்கப்பட்டிருக்கும். தளம் இறங்கும்போது அக்கம்பி இழுபட்டுப் பிடிப்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். ஈரக்களிமண் மின்சாரத்தை நன்றாகவே உள்வாங்கும். அது நமக்கு நன்மை. ஆனால் கடற்காற்றின் உப்பு அப்பிடிப்பில் பச்சை பூக்கவைத்து அரித்துவிடும். ஆகவே அத்தொட்டியின் மூடியைத் திறந்து, கம்பி பிடிப்போடு இறுக்கமாக உள்ளதா என்று ஆண்டுக்கொருமுறையேனும் கண்ணால் பார்ப்பது நலம். தொட்டியைக் காணவில்லையென்றால், சமையற்கட்டை நீட்டியபோது அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டார்களா என்று விசாரிக்க வேண்டும். இதுவும் நடக்கிறது.

வயல் சூழ்ந்த செகிஞ்சான், சுங்கை பெசார் பக்கங்களில் எலித்தொல்லை சொல்ல வேண்டுவதில்லை. கூரைக்கு மேல் குழாயின்றி ஓடும் வயர்களின் உறையை எலி கடித்துவிடும். பல்லியும் எறும்பும் சுவிட்ச்சுப் பெட்டிக்குள் குடியிருந்து இ.எல்.சி.பி.யை விழச்செய்வதும் உண்டு. கடல்நீர் ஏறியோ, மழைவெள்ளம் புகுந்தோ பிளக் துவாரங்கள் நனைந்திருந்தால், நீர் வடிந்தவுடன் மெயின் சுவிட்ச்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கியிருக்கும். வயர்மேன் சோதித்த பிறகே போட வேண்டும்.

புதுமனை புகுவிழா நாளில் வீட்டுக்காரர் செய்யும் முதல் வேலை சாமிப் படம் மாட்ட ஆணி அடிப்பது. சுவிட்ச்சுக்கும் பிளக் துவாரத்திற்கும் நேர் மேலும் நேர் கீழும், அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலும் சுவருக்குள் வயர் ஓடுகிறது என்பதை நினைவிற்கொண்டு, அக்கோடுகளை விட்டு விலகி ஆணி அடித்தல் வேண்டும். சாமி மேடைக்கென்று வாங்கும் வண்ண விளக்குச் சரங்களிற் பல இரண்டு முள் பிளக்குடன் வருகின்றன. அவற்றைச் செருகுவதற்காக மேல் துவாரத்தில் ஒரு குச்சியையோ பேனா முனையையோ குத்தித் திறக்கும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. கீழ்த் துவாரங்கள் இரண்டிற்கும் மூடி வைத்திருப்பதே மூன்று முள் பிளக்கைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான். பெரியவர் குச்சியால் குத்துவதைப் பார்க்கும் பிள்ளை, மறுநாள் இரும்புக் கம்பியால் குத்தும். பிளக், எக்ஸ்டென்ஷன் முதலியவற்றை வாங்கும்போது சிரிம் சின்னம் உள்ளதா என்று பார்த்தே வாங்குக.

எக்ஸ்டென்ஷனைப் பற்றியும் ஒரு கணக்குப் போடலாம். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். பிளக் தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 2,000 வாட், இஸ்திரிப்பெட்டி 1,200 வாட் என்று வைத்துக்கொள்வோம். இவ்விரண்டை மட்டும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினாலே கணக்கு மீறிவிட்டது. சோறு வடிக்கும் குக்கரையும் அதனோடு சேர்த்தால் சொல்ல வேண்டுவதில்லை. புதிய வீட்டில் பிளக் துவாரங்கள் போதவில்லையென்றால் கூடுதல் துவாரம் அமைப்பதே முறை.

குளியலறைச் சுடுநீர்க் கருவியையும் இவ்வாறே கணக்கிடலாம். 3,600 வாட் கருவி ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். ஆகவே அதனைச் சமையற்கட்டுப் பிளக்கிலிருந்து வயர் இழுத்து மாட்டுவது அறியாமை. அதற்கென்று பெட்டியிலிருந்து தனிக்கம்பியும், தனி எம்.சி.பி.யும், குளியலறைக்கு வெளியே சிவப்பு விளக்குடன் கூடிய இருமுனைச் சுவிட்ச்சும், எல்லாவற்றிற்கும் மேலாக உறுதியான எர்த் இணைப்பும் இருத்தல் வேண்டும். ஈர உடம்போடு ஈரத்தரையில் நிற்கும் மனிதனுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. லயத்தில் தொட்டி நீரில் குளித்துப் பழகிய வயதான தாய்தந்தையருக்கு என்று பிள்ளைகள் அன்போடு வாங்கி மாட்டும் கருவி இது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் ஆபத்து மிகுந்ததும் இதுவே.

இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தால் என்ன செய்வது? இடி மின்னலின்போது எப்போதேனும் விழுமாயின் மீண்டும் போட்டுவிடலாம். காரணமின்றி விழுமாயின், முதலில் எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்கிவிட்டு இ.எல்.சி.பி.யை மட்டும் மேலே தூக்குக. நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுக. எதனைப் போடும்போது விழுகிறதோ அப்பகுதியில்தான் கோளாறு. அப்பகுதியிலுள்ள பிளக்குகளையெல்லாம் உருவிவிட்டு மீண்டும் போட்டுப் பார்த்தால், கோளாறு கருவியிலா கம்பியிலா என்பது விளங்கிவிடும். பெரும்பாலும் பழைய கெட்டிலோ, சலவைப்பெட்டியோ, குளிர்ப்பெட்டியோதான் குற்றவாளியாக இருக்கும். எல்லா எம்.சி.பி.களும் கீழே இருக்கும்போதும் விழுந்தால், நியூட்ரல் கம்பி எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கலாம், எம்.சி.பி. லைவை மட்டுமே துண்டிப்பதால் அக்கோளாறு இவ்வழியில் அகப்படாது. இத்தோடு நம் வேலை முடிந்தது. விழும் விசையை டேப் ஒட்டியோ, குச்சி செருகியோ நிறுத்திவைக்க முயல்வதும், "தொல்லை கொடுக்கிறது" என்று அதனைத் தவிர்த்து நேரே கம்பி கொடுப்பதும் எமனை அழைத்துத் திண்ணையில் அமர்த்துவதற்குச் சமம்.

கம்பியைத் தொடும் வேலை எதுவாயினும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனிடமே ஒப்படைத்தல் வேண்டும். மலாய் மொழியில் அவர் பெண்டாவாய். சான்றைக் காட்டுமாறு கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. முறையானவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். கோயில் திருவிழாவிற்கு விளக்குக் கட்டுபவரும், எலக்ட்ரிக் வேலை 'கொஞ்சம் தெரிந்த' மைத்துனரும் நல்லவர்களாயிருக்கலாம். ஆனால் 500 வோல்ட் அளவுகருவியை வைத்துக் கம்பிகளின் காப்புறை ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் உள்ளதா என்று சோதித்துக் கையெழுத்திட அவர்களால் இயலாது. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, வயரிங் வேலை முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுக்கான 'ஜி' பாரமும், சோதனைக்கான 'எச்' பாரமும் தரப்பட வேண்டும். பின்னாளில் சமையற்கட்டை நீட்டி வயர் இழுத்தாலும் இப்பாரங்களைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இப்பொழுது, புதிய வீடு வாங்கியோர் தவறவிடக்கூடாத செய்திக்கு வருவோம். உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடம் விற்பனை ஒப்பந்தம் செய்து வாங்கிய வீட்டில், சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் வேலைக் குறைகளையும் பொருட்குறைகளையும் அந்நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். மின் இணைப்பும் இதில் அடங்கும். எழுத்து மூலம் அறிவிப்புப் பெற்ற 30 நாட்களுக்குள் பழுது பார்க்கப்பட வேண்டும். எழுத்து மூலம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். கட்டுமான இடத்திலுள்ள மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோர் பலர்; பிறகு கேட்டால் அவர் மாற்றலாகிப் போயிருப்பார். எந்த அறை, எந்தத் துவாரம், சோதனைக் கருவியில் எந்த விளக்கு எரியவில்லை என்று விவரமாக எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து, இரண்டு பிரதிகளாக்கி, ஒன்றில் தேதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நிறுவனம் அசையாவிடில் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞரின்றியே முறையிடலாம். அரசுத் திட்ட வீடுகளுக்கு நிபந்தனைகள் வேறுபடலாமாகையால் ஒப்படைப்புக் கடிதத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். படிக்க இயலாதோர் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டேனும் படிக்கச் செய்க. இக்காலத்திற்குள் வெளியாளைக் கொண்டு வயரிங்கை மாற்றிவிட்டால், "நீங்கள் கெடுத்தது" என்று நிறுவனம் கைகழுவ இடமுண்டு. ஆகவே குறைகளை எழுதிக் கொடுப்பது முதலில். அலங்கார விளக்கும் குளிர்சாதனமும் பிறகு.

தெருப்பக்கம் மின்சாரம் நின்றாலோ, மீட்டருக்கு வெளியே கம்பி அறுந்து விழுந்தாலோ தெனாகா நேஷனலின் 15454 என்ற எண்ணை அழைக்கலாம். அறுந்த கம்பியின் அருகே எவரையும் விடக்கூடாது.

இ.எல்.சி.பி. பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பல மாதம் அசையாமல் கிடக்கும் விசை, வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிடக்கூடும். நாள் மறந்துபோகும் என்போர், மின்கட்டணச் சீட்டு வரும் நாளை அதற்கென வைத்துக்கொள்ளலாம். விளக்கு அணையும், விசையைத் தூக்கிவிட்டால் மீண்டும் எரியும், குக்கரின் மணிகாட்டியை மட்டும் திருத்தி வைக்க வேண்டியிருக்கும்.